புதிய இயக்க அமைப்பும் பழைய நடவுப் பாட்டும்

வந்த வெள்ளம் நின்ற வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காவிரிக் கரையில் பிறந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஆற்றில் மட்டுமன்றிக் கணிப்பொறியிலும் நடக்கும் என்பதை 2025-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் கண்ணாரக் கண்டோம்.

நம் பள்ளியின் மூத்த மாணவியர் சிலர் 2008-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் திருவையாறு, பூதலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்று நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பாடக் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். பிறகு அலுவலகக் கணிப்பொறியில் அமர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் தட்டச்சு செய்தார்கள். அவ்வாண்டு மலரில் இரண்டு பாட்டுக்கே இடம் கிடைத்தது. நோட்டுப் புத்தகங்கள் 2018 நவம்பரில் கஜா புயலின்போது சாமான் அறைக்குள் புகுந்த மழைநீரில் ஊறிப் போயின. ஆகவே எஞ்சியது கணிப்பொறியில் இருந்த ஒரே கோப்பு. பாடிய தாய்மாருள் பெரும்பாலோர் இன்று இல்லை. இவ்வாண்டு மலரில் அப்பாட்டுகள் யாவற்றையும் வெளியிடலாம் என்று மலர்க் குழுவினராகிய நாங்கள் முடிவு செய்து கோப்பைத் திறந்தோம். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நெல்லும் பதரும்போலக் கலந்து பக்கம் பக்கமாகக் கிடந்தன. விடுமுறையில்தான் அந்தக் கணிப்பொறிக்குப் புதிய இயக்க அமைப்பு போட்டிருந்தார்கள்.

இயக்க அமைப்பு என்றால் என்ன? பதினோராம் வகுப்புக் கணிப்பொறிப் பாடம் படிக்கும் தோழியர் பொறுத்துக்கொள்க, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகின்றது. எந்த மதகை எவ்வளவு தூக்குவது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்பதைப் பார்த்துக்கொள்ள நீர்வளத்துறையும் லஸ்கர்களும் இருக்கிறார்கள். வயல்காரர் நேரே போய் மதகைத் திருக முடியாது. கணிப்பொறியிலும் நினைவகம், வட்டு, திரை, பிரிண்டர் எல்லாம் உண்டு. கடிதம் எழுதும் நிரலும் கணக்குப் போடும் நிரலும் அவற்றை நேரே தொடுவதில்லை. இயக்க அமைப்பிடம் கேட்கும். அது பங்கிட்டுத் தரும். விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகைய அமைப்புகளின் பெயர்கள். நம் கைப்பேசிகளில் இருக்கும் ஆண்ட்ராய்டும் அவ்வாறே.

சரி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று நாங்களும் கேட்டோம். ஓர் இயக்க அமைப்பை விற்ற நிறுவனம் அதில் பின்னர் தென்படும் ஓட்டைகளை மாதந்தோறும் அடைத்துத் தருகின்றது. கரையில் நண்டு வளையைக் கண்டதும் மண் வைத்து அடைப்பதைப் போல. அந்த வேலையை நிறுத்தும் நாள் ஒன்று முன்னதாகவே அறிவிக்கப்படும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்கு அந்நாள் 2014 ஏப்ரல் 8. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்நாளுக்குப் பிறகும் கணிப்பொறி ஓடும். ஆனால் புதிதாகத் தோன்றும் வளையைப் பொதுவாக அடைப்பார் இல்லை. (பணம் கட்டியோ வேறு வழியிலோ சிறிது காலம் நீட்டித்துக்கொள்வோர் உண்டு.) இது வெறும் பூச்சாண்டி என்று எண்ண வேண்டாம். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் கேடு உலகெங்கும் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே அடைப்பு வெளியாகியிருந்தது, பலரும் போட்டுக்கொள்ளவில்லை. நம் நாட்டிலும் பழைய எக்ஸ்பி-யில் ஓடிய பணம் வழங்கும் இயந்திரங்களை 2019 ஜூன் மாதத்துக்குள் படிப்படியாக மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் வங்கிகளுக்குக் கெடு விதித்தது. ஆகையால் மாற்றியதைக் குறை சொல்ல மாட்டோம். மாற்றிய விதத்தில்தான் நம் எல்லோருக்கும் பங்குண்டு.

புதியது வந்தால் அதற்கேற்ற மற்றவையும் வேண்டுமல்லவா? எங்களுள் ஒருத்தியின் தாத்தா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஐ.ஆர். 8 நெல் 1966-இல் வெளியானது. அந்தக் குட்டை நெல் வயலுக்கு வந்தபோது விளைச்சல் கூடியது உண்மைதானாம். ஆனால் உரம் கேட்டது, மருந்து கேட்டது, வைக்கோல் குட்டையானதால் மாட்டுக்குப் போதவில்லை. விதையை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள் பண்ணையத்தையே மாற்ற வேண்டியிருந்தது என்றார். 2021-இல் வந்த விண்டோஸ் 11-உம் அப்படியே பலவற்றைக் கேட்கின்றது: குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு இடம், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, இவற்றோடு அதற்கென்று குறித்த செயலிகளின் பட்டியலில் ஒன்று. பட்டியலில் இல்லாத கணிப்பொறி நல்ல நிலையில் இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். உலகெங்கும் கோடிக்கணக்கான கணிப்பொறிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

எங்கள் ஆய்வகத்துக் கணிப்பொறிகள் பலவும் அவ்வாறு வெளியே நின்றவையே. அவற்றில் எங்கள் ஆசிரியை அவர்கள் லினக்ஸ் போட்டுவிட்டார்கள். இது புதுமையன்று. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸ், தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் சேர்ந்தே வந்தது. எங்கள் அக்காமார் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு கதை.

அலுவலகக் கணிப்பொறி கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஆகவே அதற்குப் புதியதைப் போட முடிந்தது. முதல் நாள் கேட்டது பிரிண்டர். மாற்றுச் சான்றிதழ் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அது. கறகறவென்ற அதன் ஓசை வராந்தா வரை கேட்கும். அதை இயக்க ‘டிரைவர்’ எனப்படும் சிறு நிரல் வேண்டும். புதிதாக வந்த லஸ்கருக்கு எந்த மதகு எப்படித் திருகும் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு என்று அதைச் சொல்லலாம். பழைய சீட்டு புதிய லஸ்கருக்குப் புரியவில்லை. நான்கு நாள் சான்றிதழைக் கையால் எழுதினார்கள். அடுத்து, கட்டணக் கணக்குக்கு முற்காலத்தில் ஒருவர் எழுதித் தந்த நிரல் திறக்கவே இல்லை. அது 16 பிட்டு காலத்து நிரல். 64 பிட்டு விண்டோஸில் அவ்வகை ஓடாது. பழைய மலர்களின் பக்கங்கள் பேஜ்மேக்கரில் அமைத்தவை. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி கிடைத்தது. பாட்டுக்குத்தான் வழி தெரியவில்லை.

கோப்புகளை எடுத்து வைக்காமல் வட்டை அழித்துவிட்டார்களோ என்று முதலில் அஞ்சினோம். இல்லை. எல்லாக் கோப்பையும் பென் டிரைவில் மறவாமல் எடுத்து வைத்திருந்தார்கள். எழுத்துருவை எடுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து என்பது எண். ஆங்கிலப் பெரிய ‘ஏ’ 65; சின்ன ‘எம்’ 109. அந்நாளில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே உண்டு. தமிழுக்கென்று தனி எண் இல்லை. நம்மவர் ஓர் உபாயம் செய்தார்கள். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, திரையில் வரையும் உருவத்தை மட்டும் மாற்றினார்கள். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெருவழக்காயிருந்த ‘பாமினி’ எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் சின்ன ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ வரைந்திருக்கும். ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ம’. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளி. ஆக ‘அம்மா’ என்று நாம் காண்பது கணிப்பொறிக்குள் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றுதான் இருக்கும். ‘தமிழ்’ என்பது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’. எழுத்துரு என்னும் கண்ணாடியைப் போட்டால் தமிழ்; கழற்றினால் வெறும் கிறுக்கல். எங்கள் கணிப்பொறியில் கண்ணாடிதான் தொலைந்திருந்தது. கண் கெடவில்லை.

இது தெரியாமல் எங்களுள் ஒருத்தி செய்த காரியத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். திரையில் சிவப்புக் கோடுகள் கண்டு, பிழை திருத்தினால் தமிழ் வந்துவிடும் என்றெண்ணி, நிரல் காட்டிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக அழுத்தி, கோப்பைச் சேமித்தும் விட்டாள். பென் டிரைவில் இருந்த ஒரே பிரதி அதுவே. ஒரு பக்கத்தோடு நின்றது எங்கள் நற்பேறு.

தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போனதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான இடத்தில் ‘அ’வை வைத்ததுதான். ஒரு கடையில் அடித்ததை மறுகடையில் படிக்க முடியாது. இதைப் பொதுவாக்க 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு ‘டேம்’, ‘டேப்’ என்னும் இரு குறியேற்றங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ஏற்றது. இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு 1991-லேயே வந்திருந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ‘அ’வின் எண் 2949. அந்த எண்ணை வேறெந்த மொழியும் எடுத்துக்கொள்ளாது. விண்டோஸ் 2000-இல் ‘லதா’ என்னும் யூனிகோடு எழுத்துரு உடன் வந்தது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. நம் அக்காமார் பாட்டை அடித்ததோ 2008-இல். யூனிகோடு அப்போதே இருந்தது; ஆனால் அச்சகத்தில் கேட்டது பழைய எழுத்துருவைத்தான்.

எழுத்துருவை எப்படிக் கண்டுபிடித்தோம்? பாட்டுத் திரட்டிய அக்காமாரில் ஒருவர் இப்போது கும்பகோணத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார். தொலைபேசியில் அழைத்தோம். “எழுத்துரு பேரு அந்தக் கோப்புலயே இருக்குமே, மேல பட்டையில பாத்தீங்களாடி?” என்றார். பார்த்தோம். எழுத்துரு இல்லாவிட்டாலும் அதன் பெயரைக் கோப்பு மறக்காமல் வைத்திருந்தது! இதை முதலிலேயே பார்த்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம். அக்கா தம் பழைய சிடி-களில் தேடி அதே எழுத்துருவைக் கொடுத்தனுப்பினார். எங்கள் கணிப்பொறியில் சிடி போடும் தட்டே இல்லை. அதற்கும் ஒரு வெளித்தட்டை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. எழுத்துருவை நிறுவிக் கோப்பைத் திறந்ததும் பாட்டுகள் வரிசை வரிசையாக, நாற்று நட்ட வயல்போலத் தெரிந்தன. அலுவலகத்தில் இருந்த அருட்சகோதரி அவர்களே எழுந்து வந்து பார்த்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த இயக்க அமைப்பு வரும்போது மீண்டும் கண்ணாடி தேட வேண்டுமே என்று யூனிகோடுக்கு மாற்ற முனைந்தோம். இணையத்தில் இலவச மாற்றிகள் உள்ளன. பழைய முறையில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ‘க’, கால் என மூன்று துண்டாக, கண் பார்க்கும் வரிசையில் அடிக்கப்பட்டிருக்கும். யூனிகோடிலோ முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அதை நன்றாகவே செய்தது. சறுக்கியது வேறோர் இடத்தில்.

‘கௌரி’ என்று எழுதும்போது ‘க’வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் ‘ள’ போன்ற ஒரு குறி. பழைய எழுத்துருவில் அந்தக் குறிக்கும் ‘ள’ என்னும் எழுத்துக்கும் ஒரே விசை. ஆகவே கொம்பு, ‘வ’, ‘ள’ என்று வந்தால் அது ‘வௌ’வா, ‘வெள’வா என்று மாற்றிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிட்டது. நடவுப் பாட்டில் வராத சொல்லா அது? வெள்ளம், வெள்ளாமை, வெளி, தெளி, கெளிறு — அத்தனையும் உருக்குலைந்து, ஔகாரத்தின் தலையில் புள்ளியும் கொக்கியும் தொங்க நின்றன. எண்ணிப் பார்த்தோம்: எழுபத்தொன்பது இடங்கள். சில இணையப் பக்கங்களில் ‘வெளியீடு’ என்னும் சொல் கோணலாகத் தெரிவதைத் தோழியர் கண்டிருப்பீர்கள், காரணம் இதுவே.

ஔகாரத்தை அடுத்துப் புள்ளியோ கொக்கியோ வந்தால் அது பிழை என்று துணிந்து, அவ்விடங்களை ஒரே கட்டளையில் திருத்திவிடலாம். ஔகாரத்தின் மேல் இன்னொரு குறி தமிழில் ஏறாது. ‘கௌதாரி’ சரி. ஆனால் பேச்சுவழக்கில் பாடிய ‘வெளஞ்ச’, ‘வெளக்கு’ போன்ற சொற்களில் ‘ள’ வெறுமனே நிற்கின்றது. அங்கே எந்தக் கட்டளையும் உதவாது. உட்கார்ந்து படித்தே தீர வேண்டும்.

எங்கள் தமிழாசிரியை இதைக் கேட்டதும், “ஏடு படித்தவர்கள் பட்ட பாடு இதுதான்” என்றார்கள். பனையோலையில் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். எகர ஏகார வேறுபாடு காட்டுவதில்லை. மெய்க்குப் புள்ளி இடுவதும் அரிது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் இக்குழப்பத்தைத் தீர்க்கவே எழுத்துகளில் சீர்திருத்தம் செய்தார். நம் சரசுவதி மகாலில் உள்ள ஏடுகளையும் இடத்துக்கு ஏற்பப் பொருள் பார்த்தே படிக்கிறார்கள். 1978-இல் அரசு லை, னை, றா முதலிய எழுத்துகளைச் சீர்திருத்தியபோதும் அச்சகங்களில் பழைய அச்செழுத்துகள் வீணாயின. ஆனால் புத்தகம் படிக்க முடியாமல் போகவில்லை. பழைய ‘லை’யை நாம் இன்றும் படிக்கிறோம். கணிப்பொறிக்கு அந்தத் தாராளம் கிடையாது.

புதிய அமைப்பால் ஒரு நன்மையும் வாய்த்தது. யூனிகோடில் 2019-இல் பழந்தமிழ் அளவைக் குறிகள் சேர்ந்திருக்கின்றன: நெல், குறுணி, பதக்கு, குழி, வேலி. தக்க எழுத்துருவை இறக்கியதும் அவை திரையில் வந்தன. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் அவற்றுக்குத் தனிக் குறிகள் உண்டென்று அன்றுதான் அறிந்தோம்.

திருத்திய பாட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திருவையாற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குப் போனோம். 2008-இல் பாடியவர்களுள் ஒருவராகிய அப்பாயி திண்ணையில் அமர்ந்து கேட்டார். ஓரிடத்தில் நாங்கள் ‘விளைந்த’ என்று திருத்தி வைத்திருந்தோம். “அப்புடி வராது தாயி. வெளஞ்சன்னுதான் வரும். நீங்க சொல்றது காகிதத்துல வேணா இருக்கும்” என்றார். அதை மாற்றினோம். வேறு இரண்டு பாட்டுகளில் ஒரு வரி கூடுதலாகவும் சொன்னார்; சேர்த்துக்கொண்டோம். எங்கள் தோழி பிழைதிருத்தி அழித்த பக்கத்தையும் காட்டினோம். அதில் இருந்தது ஓர் ஏற்றப் பாட்டு. நெடுநேரம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, அது தம்முடையதன்று, கீழத்தெருவில் இருந்த இன்னொருவர் பாடியது, அவர் போய் ஆறு வருடமாகிறது என்றார்.

இம்மலரின் பின்பகுதியில் பாட்டுகள் யாவும் இடம்பெற்றுள்ளன. அந்த ஏற்றப் பாட்டில் ஒன்பது வரிகளுக்குப் புள்ளியிட்டு விட்டிருக்கிறோம். தோழியரின் வீடுகளில் அப்பாட்டு அறிந்த பெரியவர்கள் இருந்தால் ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறோம். கோப்பு இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றது. எழுத்துருவும் கூடவே இருக்கின்றது.